மார்கழியில் கேமராவோடு மீகாங் போய் வந்தது

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் எங்களுக்கு ஆண்டில் அந்த ஒரு மாதம்தான் உண்மையான விடுமுறை. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் தொடங்கியதும், புகைப்படக்காரர்களுக்கென்றே நடத்தப்படும் பயணக் குழு ஒன்றில் சேர்ந்து, மீகாங் ஆற்றின் கழிமுகத்தைப் படமெடுக்கப் போவதென்று முடிவு செய்தேன். "வாசலில் காவிரி ஓடுகிறது, ஆற்றைப் படம் பிடிக்க அவ்வளவு தூரம் போகவேண்டுமா?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பயணத் தொகையின் மேல் 5 சதவீதம் டி.சி.எஸ். (பணம் வாங்கும்போதே சேர்த்து வசூலிக்கும் வருமான வரி) வசூலித்தார்கள். வருமான வரிக் கணக்கில் அது பின்னர் கழிந்துவிடும் என்றாலும், முதலில் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தாக வேண்டிய பணம் அது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

விசாவுக்கு அலைச்சல் இல்லை. வியட்நாம் அரசின் இணையதளத்திலேயே 25 டாலர் செலுத்தி இ-விசா வாங்கிவிடலாம். ஆனால் நம் பாஸ்போர்ட் எண் ஓர் ஆங்கில எழுத்தும் அதன் பின் ஏழு இலக்கங்களும் கொண்டது என்பதை மறந்து, சுழியம் வரவேண்டிய இடத்தில் நான் 'ஓ' என்ற எழுத்தைத் தட்டிவிட்டேன். பணம் கட்டிய பிறகே கவனித்தேன். கட்டிய பணம் திரும்பாது. புதிதாக விண்ணப்பித்து இன்னொரு 25 டாலர் கட்டினேன்.

அடுத்தது எடை. விமானத்தில் கையோடு 7 கிலோதான் கொண்டுபோகலாம் என்றிருக்க, என் கேமராப் பை பக்கத்து மளிகைக்கடைத் தராசில் 9 கிலோ 400 கிராம் காட்டியது. நீள லென்ஸையும் இரண்டாவது ஃபிளாஷையும் வீட்டிலேயே வைத்தேன். முக்காலியைத் துணிப்பெட்டியில் போட்டேன். உபரி பேட்டரிகளைத் துணிப்பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான் வரவேண்டும். அவற்றின் முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி டேப் ஒட்டினேன். பவர் பேங்க்கின் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் (Wh) இருந்தால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவையில்லை; 20,000 மில்லி ஆம்பியர் மணி உள்ளது ஏறத்தாழ 74 வாட்-மணிதான் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. டிரோனை எடுத்துப்போகும் ஆசையை, அங்கே அதைப் பறக்கவிட அரசு அனுமதி வேண்டும் என்று அறிந்ததும் விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் மேலாக என்னை அலைக்கழித்தது, பெரும்பாலோர் கண்டுகொள்ளாமல் விடும் ஒரு தாள். விலையுயர்ந்த பொருளை இங்கிருந்து கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும்போது, அதை வெளிநாட்டில் வாங்கியதாக எண்ணிச் சுங்க வரி கேட்காமல் இருக்க, புறப்படும்போதே சுங்க அலுவலரிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய வரம்பு 50,000 ரூபாய். அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு வரி 38.5 சதவீதம். என் கேமராவும் இரண்டு லென்ஸ்களும் சேர்ந்தால் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிவிடும்.

கேமராவை நான் வாங்கியதோ இரண்டாம் கையில். பில் முதல் உரிமையாளர் பெயரில் இருந்தது; அவரிடம் நாலு முறை பேசி நகலை வாட்ஸப்பில் வரவழைத்தேன். பில்லில் உள்ள வரிசை எண்ணும் கேமராவில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கக் கவிழ்த்தால், ஆறு வருடமாகக் கல்யாண மண்டப வியர்வையில் ஊறிய அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் கடைசி மூன்று இலக்கங்கள் தேய்ந்து, வெள்ளைத் தடம் மட்டுமே மிஞ்சியிருந்தது. ஏற்கெனவே ஓர் 'ஓ'வால் பட்டவன் என்பதால் ஊகித்து எழுத மனம் வரவில்லை. பல கேமராக்கள் தாம் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் தம் வரிசை எண்ணைப் பதிந்துவைக்கின்றன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன முகூர்த்தத்தில் எடுத்த தாலி கட்டும் படத்தைக் கணினியில் திறந்து அதன் விவரங்களைப் பார்த்தேன். முழு எண்ணும் இருந்தது, பில்லோடும் ஒத்துப்போனது.

புறப்பட்ட நாளில் திருச்சி பழைய முனையத்தில் அலுவலர் ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, லென்ஸின் பின்வளையத்துக்கு அருகே கடுகளவு எழுத்தில் இருந்த எண்களைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். பொருளை நேரில் காட்டவேண்டும் என்பதால் இவை கைப்பையில்தான் இருக்கவேண்டும். முத்திரை குத்திய தாளைப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்தேன்.

மீகாங் கழிமுகத்திலுள்ள கான் தோ நகரில் விடியும் முன்பே படகேற வேண்டியிருந்தது. ஏ.சி. மண்டபத்திலிருந்து வாசலுக்கு வந்தால் லென்ஸ் வேர்க்கும் என்பது தொழிலில் தெரிந்த பாடம் என்பதால், மூடிய பையை அரை மணி முன்பே பால்கனியில் வைத்துவிட்டேன். குழுவில் இருவர் முதல் இருபது நிமிடமும் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். காய் ராங் மிதக்கும் சந்தையில் படகின் முகப்பில் நட்ட மூங்கிலில் அன்னாசி தொங்கினால் அது அன்னாசிப் படகு, பூசணி தொங்கினால் பூசணிப் படகு. சாலைகள் வந்த பிறகு படகுகள் குறைந்துவிட்டன என்றார் எங்கள் படகோட்டி. ஒரு கிழவி அன்னாசியைச் சீவும்போது பழத்தின் கண்கள் மட்டும் சுருள் சுருளாகக் கழன்று விழுந்ததைத்தான் அதிகம் எடுத்தேன்.

திரும்பியபோது, எதிர்பார்த்தபடியே கேமராப் பையைத் திறக்கச் சொன்னார்கள். தாளை நீட்டினேன். அலுவலர் கேமராவைக் கவிழ்த்தார், தேய்ந்த ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் காய் ராங்கில் எடுத்த படம் ஒன்றை மடிக்கணினியில் திறந்து, அதற்குள் இருந்த எண்ணைக் காட்டினேன். அவர் தாளோடு ஒப்பிட்டுவிட்டு, "இது என்ன பழம், அன்னாசியா?" என்று கேட்டபடி பையை மூடச் சொன்னார்.