முடித்த நாளும் அன்றைய எண்ணமும்

ஒரு நாவலில் நாற்பது பக்கம் கடந்த பிறகுதான், அதை ஏற்கெனவே முழுதாகப் படித்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. கதை நினைவுக்கு வரவில்லை. பக்க ஓரத்தில் என் கையெழுத்தில் இருந்த பென்சில் குறிப்பு ஒன்றே அதைக் காட்டிக்கொடுத்தது. அந்த வருத்தத்தில்தான், ஒன்பது ஆண்டுகளுக்கு முன், படித்த நூல்களுக்கென ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினேன்.

முதலில் நூலின் பெயர், ஆசிரியர், முடித்த தேதி ஆகியவற்றை மட்டுமே எழுதிவந்தேன். ஓராண்டு கழித்துப் புரட்டியபோது, பாதிப் பெயர்களுக்கு மேல் வெறும் பெயர்களாகவே நின்றன. 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேனும் இதே சிக்கலை எழுதியிருக்கிறார்: கவனமாகப் படித்துக் குறிப்பெழுதிய நூலையே சில ஆண்டுகளில் புதியதென எண்ணிக் கையிலெடுத்ததால், ஒருமுறை மட்டும் படிக்க எண்ணிய நூல்களின் இறுதியில், படித்து முடித்த காலத்தையும் தமக்கு உண்டான மதிப்பீட்டையும் எழுதிவைக்கும் வழக்கத்தை அவர் மேற்கொண்டார். அந்த மதிப்பீடுதான் என் பட்டியலில் இல்லாமற்போயிருந்தது.

இப்போது நூலை முடித்த அன்றே நான்கைந்து வரிகள் எழுதிவிடுகிறேன். கதைச் சுருக்கத்தை எழுதுவதில்லை, அது பின்னட்டையிலேயே இருக்கிறது. எந்த இடத்தில் மனம் நின்றது, எதை ஏற்க முடியவில்லை என்பதை மட்டும் பக்க எண்ணோடு குறிக்கிறேன். மொழிபெயர்ப்பு நூலென்றால் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் பதிப்பாண்டையும் தவறாமல் சேர்க்கிறேன். ஒரே நாவலை இருவர் மொழிபெயர்ப்பில் படித்தவர்களுக்கு, அவை இரண்டு வெவ்வேறு வாசிப்புகள் என்பது தெரியும்.

பழைய பதிவுகளைத் திருத்துவதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். ஒரு கவிதைத் தொகுப்பை ‘வறண்ட சொற்கள்’ என்று ஒதுக்கி எழுதியிருந்தேன். ஆறு ஆண்டுகள் கழித்து அதே தொகுப்பின் முன் கண்கலங்கி உட்கார்ந்திருந்தபோது, அந்த வரியை அடித்துவிடக் கை துடித்தது. ஆனாலும் அடிக்காமல், புதிய தேதியிட்டு இன்னொரு பதிவை எழுதினேன், ஏனெனில் அன்று அப்படிப் படித்தவனும் நான்தான்.

பாதியில் நிறுத்தியவற்றையும் நிறுத்திய பக்கத்தோடு எழுதுகிறேன். ஓரிடத்தில் ஐந்து நூல்கள் தொடர்ந்து அவ்வாறு நின்றிருக்கின்றன. அப்பா படுக்கையில் இருந்த மாதங்கள் அவை. அவற்றில் இரண்டை மீண்டும் எடுத்துப் படித்தபோது, குறை நூல்களில் இல்லை என்பது விளங்கியது.

ஆண்டுக்கு எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணிய ஆண்டில் என்னையறியாமல் மெல்லிய நூல்களையே தேர்ந்திருந்தேன். செயலியா, தாளா என்பது அவரவர் வசதி. சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை, படித்தவற்றையும் படிக்க வேண்டியவற்றையும் குறிப்பேடுகளிலேயே எழுதிவந்தார். தாளில் தேடுவது கடினம் என்பது உண்மைதான். அதற்காக இந்த வாரம், என் இரண்டு குறிப்பேடுகளுக்கும் ஆசிரியர் பெயர்களை அகரவரிசைப்படுத்திக் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ‘ப’ வரிசையைத் தாண்டவில்லை.