நோய் காட்டாத பண்ணைகள்

பண்ணைகளுக்கு உயிரிப் பாதுகாப்பு, அதாவது நோய்க்கிருமி உள்ளே வராமலும் பரவாமலும் காப்பது பற்றி ஆலோசனை சொல்லும் கால்நடை மருத்துவர் நான். கோமாரி வந்துவிட்டால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மாடு நொண்டும், எச்சில் ஒழுகும், பால் குறையும். பண்ணைக்காரரே ஓடிப்போய் கேட்டைப் பூட்டிவிடுவார். சிரமமெல்லாம் சத்தம் போடாத நோய்களில்தான். குடல் நிறைய கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியா இருந்தாலும் கோழி நன்றாகத் தின்று எடை போடும். தசையில் நாடாப்புழுக் கட்டி இருக்கிற பன்றியும் பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். அவதிப்படுவது, அதைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்ட யாரோ ஒருவர். அவரைப் பண்ணைக்காரர் பார்க்கப்போவதே இல்லை. "என் கோழியெல்லாம் நல்லாத்தானே இருக்கு டாக்டர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே என் பொழுது பாதி போகிறது.

கொட்டகை வாசலில் கிருமிநாசினித் தொட்டியை எல்லோரும் வைத்துவிடுகிறார்கள். சாணமும் மண்ணும் கலங்கிவிட்டால் மருந்தின் வீரியம் போய்விடும். சேறு அப்பிய பூட்ஸை ஒரு நொடி முக்கி எடுப்பதால் ஒரு பயனும் இல்லை. முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் மருந்து, அதுவும் ஊற நேரம் கொடுத்து.

தொட்டியைவிட நான் நம்புவது வாசலுக்குக் குறுக்கே போடும் பெஞ்சை. முழங்கால் உயரம், சுவர் முதல் சுவர் வரை, அடியில் இடைவெளி இல்லாமல். வெளிப்பக்கம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, காலைத் தரையில் படாமல் உள்ளே திருப்பி, அந்தக் கொட்டகைக்கென்றே வைத்திருக்கும் பூட்ஸில் நுழைக்க வேண்டும். தரையில் சிவப்புக் கோடு போட்ட இடங்களில் அவசரத்துக்கு எல்லோரும் தாண்டிவிடுவார்கள். பெஞ்சை அப்படித் தாண்ட முடியாது. அப்படியும் ஒருவர் ஏறிக் குதிக்கிறார் என்றால், அவரைத் திட்டுவதற்கு முன்னால் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்ப்பேன். பெரும்பாலும் செத்த கோழி வாளியாக இருக்கும். வாளியை உள்ளிருந்தபடியே வெளியே தள்ள ஒரு சின்னக் கதவு வைத்தால் அவர் குதிக்க வேண்டிய அவசியமே இருக்காது. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் எழுதும் விதி நிற்காது என்பது என் கருத்து.

ஒட்டுண்ணி விஷயத்தில் கிருமிநாசினியை நம்பியே ஏமாறுகிறவர்கள் அதிகம். கன்றுக் கழிச்சலை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியத்தின் முட்டையுறையைக் குளோரின் ஒன்றும் செய்யாது. அது சாவது சூட்டிலும் உலர்ச்சியிலும்தான். அதனால் சாணத்தை வழித்தெடுத்து, நீராவியோ கொதிநீரோ பாய்ச்சி, அறையை நன்றாகக் காயவிட வேண்டும். ஆரோக்கியமான இளங்கன்றுகளை முதலில் கவனித்துவிட்டு, கழிச்சல் கண்டவற்றிடம் கடைசியாகப் போவது நல்லது. கன்றைக் கையாளுகிறவர்களுக்கும் இது தொற்றும்; கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

எலிக்காக வளர்க்கும் பூனை தீவன அறையில் படுத்திருந்தால் எனக்குப் பொறுக்காது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி முதல் தடவை தொற்றிய பூனை, ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை அதன் முட்டையுறைகளைக் கோடிக்கணக்கில் கழிக்கும். ஈர மண்ணில் அவை ஒரு வருஷத்துக்கு மேலும் தாங்கும். தீவனத்தோடு அவற்றை விழுங்கும் சினை ஆடுகளில் கரு கலையும். சிந்திய தீவனத்தைக் கூட்டி, பீப்பாய்களுக்கு மூடி போட்டாலே எலித்தொல்லை பெரும்பாலும் குறைந்துவிடும்.

நாய்க்கு ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக வீசுவதும் அப்படித்தான். அதிலுள்ள நீர்க்கட்டிகள் நாயின் குடலில் நாடாப்புழுவாகி, அதன் முட்டைகள் மனிதருக்குள் போய் நீர்க்கட்டி நோயை உண்டாக்குகின்றன. ஐஸ்லாந்தில் இதை விளக்கி டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் கிராபே எழுதிய சிறு கையேட்டை 1864இல் மக்களுக்குக் கொடுத்தார்கள். நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல் மாத்திரை இல்லாத காலம் அது. அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்த நோய் அங்கே மறைந்தே போனது.

இத்தனைக்கும் மேலாக நான் பிடிவாதமாகக் கேட்பது தொழிலாளர்களுக்கான கழிவறையை. பன்றியிலும் மாட்டிலும் கட்டியாக இருக்கும் அந்த நாடாப்புழுக்கள் முழுப்புழுவாக வளர்வது மனிதக் குடலில் மட்டும்தான். குடலில் புழுவோடு வேலி ஓரம் ஒதுங்குகிற ஒரே ஒருவர் போதும், மேய்ச்சல் நிலம் முழுக்க முட்டை பரவ. அந்த முட்டையைப் பன்றி விழுங்கினால் இறைச்சி கெடும். பன்றி நாடாப்புழுவின் முட்டையை மனிதர் விழுங்கினால் மூளையிலேயே கட்டி வந்து வலிப்பு வரலாம். அதனால் என் அறிக்கையில் இதைக் கிருமிநாசினிப் பட்டியலுக்கு முன்னால் எழுதுகிறேன்: கொட்டகைக்குப் பக்கத்திலேயே கழிவறை, தண்ணீர், சோப்பு, பெண்கள் தயங்காமல் போக உள்தாழ்ப்பாள் போட்ட கதவு, பண்ணைச் செலவில் தொழிலாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை.