சிமெண்ட் போடாத செங்கல் தரை

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சமையலறைக் கதவுக்கும் கிணற்றுக்கும் நடுவில், 12 அடிக்கு 10 அடி வெறும் மண்ணாகக் கிடந்தது. ஐப்பசியில் சேறு, சித்திரையில் புழுதி. அங்கே ஒரு தரை வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. எப்படிப்பட்ட தரை என்பதில்தான் பேச்சு நீண்டது. பார்க்க வந்த கொத்தனார், "பி.சி.சி., கம்பி இல்லாத கான்கிரீட் போட்டு மேல டைல்ஸ் ஒட்டிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும் அக்கா" என்றார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

காரணம் தண்ணீர். சென்னையில் ஒரு வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அந்த 120 சதுர அடியில் மட்டும் எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15,000 லிட்டருக்கு மேல் வந்தது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று கொண்டுவருவதைவிட அதிகம்! 2019 கோடையில் எங்கள் கிணறு வறண்டு, லாரிக்காகக் குடங்களோடு காத்திருந்தோம். அதற்கு நான்கு வருஷம் முன்னால், 2015 டிசம்பரில், இதே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மொட்டை மாடியிலிருந்து குழாய் இறக்கித் தொட்டி கட்டினோம். நல்ல காரியம்தான். ஆனால் அதற்கப்புறம் வீட்டைச் சுற்றியிருந்த மண்ணை ஒவ்வொருவராக சிமெண்டால் மூடிக்கொண்டே வந்தோம். மீதியிருக்கும் இந்தத் துண்டு நிலத்தையும் மூட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கழிவுநீர்க் குழாய் அந்த மண்ணுக்கு அடியில்தான் போகிறது. என்றைக்காவது அடைத்துக்கொண்டால் கான்கிரீட்டை உடைக்க வேண்டும். மண்ணில் பதித்த செங்கல்லை எடுத்து அடுக்கிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம்.

ஆகவே சிமெண்ட் இல்லாமல், மணல் மேல் செங்கல் பரப்புவது என்று முடிவு செய்து, நானும் என் மாமனாருமே இறங்கினோம். அவர் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்) ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அளவு விஷயத்தில் அவரிடம் சமரசமே கிடையாது. "அவசரப்படாதே ம்மா, அடி சரியா இருந்தாதான் மேல சரியா இருக்கும்" என்று வேலை முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த வேலையில் அதைவிடச் சரியான யோசனை இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் கல். சுவருக்குள் இருக்கிற செங்கல்லுக்குப் பூச்சு பாதுகாப்பு. தரையில் வைக்கிற கல்லோ மழையிலும் வெயிலிலும் அப்படியே கிடக்க வேண்டும். அதனால் நன்றாக வெந்த சேம்பர் செங்கல் (சேம்பர் சூளையில் சுட்டது) வேண்டும் என்று கேட்டு, நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்கினோம். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். மந்தமாக வந்தால் உள்ளே வேகவில்லை. நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. மூன்றடி உயரத்திலிருந்து மண்ணில் போட்டால் உடையக் கூடாது. ஒரு கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்ப எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடியிருந்தால் அந்த லோடு வேண்டாம். காய்ந்த பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். 9 இஞ்ச்சுக்கு நாலரை இஞ்ச் கல் சதுர அடிக்கு மூன்றரை பிடிக்கும். ஓரத்துக்கும் உடைசலுக்கும் சேர்த்து 550 வாங்கினோம். பேவர் பிளாக்கும் ஃபிளை ஆஷ் கல்லும் அளவு பிசகாமல் வரும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக் கொல்லையில் அந்தச் சாம்பல் நிறத்தைத் தினமும் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் தோண்டுவது. கல்லுக்கு 3 இஞ்ச், மணலுக்கு 1 இஞ்ச், ஜல்லிக்கு 4 இஞ்ச், ஆக 8 இஞ்ச் ஆழம். குழாய் போகிற பக்கம் கடப்பாரையைத் தொடவே இல்லை, மம்பட்டியால் மெதுவாகச் சுரண்டினோம். தென்னை மரத்தைச் சுற்றி மூன்றடிக்கு மண்ணை அப்படியே விட்டோம். முடிந்த தரை, சுவரின் ஈரத்தடுப்புப் பூச்சுக்கு ஆறு இஞ்ச்சாவது கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் தெறித்துச் சுவர் ஓதம் காத்துவிடும். மூலை 90 டிகிரி வந்ததா என்று பார்க்க மாமா 6, 8, 10 அடி கணக்கில் நூல் பிடித்தார். மட்டத்துக்கு ட்யூப் லெவல். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், வேறு கருவியே வேண்டாம்.

மட்டம் எடுப்பதே வாட்டம் வைப்பதற்காகத்தான். சுவரிலிருந்து கிணற்றுப் பக்கமாக அடிக்குக் கால் இஞ்ச், 10 அடிக்கு இரண்டரை இஞ்ச் இறக்கினோம். எங்கள் மண் களிமண். சாரல் மழையைத் தரையே குடித்துவிடும், அடைமழையைக் குடிக்காது. அந்த மிச்சத் தண்ணீர் கிணற்றுக்குள் நேராக விழாமல், கிணற்றோரம் மூன்றடிச் சதுரமாக ஒரு குழி வெட்டி, அதன் அடியில் ஆள் வைத்துக் கையால் துளைக்கும் ஒரு கை போர் போட்டு, உடைகல்லும் மேலே மணலும் நிரப்பினோம். மண் முழுக்க மணலாக இருக்கிற திருவான்மியூரில் இந்தக் குழிக்கு அவ்வளவு வேலை இருக்காது.

ஜல்லியை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் திமிசுக் கட்டையால் இடித்தோம். தோள் வலிக்கும், விடக் கூடாது. பின்னால் கல் அங்கங்கே உட்காராமல் இருப்பது இந்த இடியைப் பொறுத்ததுதான். முக்கால் இஞ்ச் ஜல்லி மேல் நேராக மணல் போட்டால் நாளடைவில் மணல் ஜல்லி இடுக்கில் இறங்கிவிடும். நடுவில் கால் இஞ்ச் சிப்ஸை, அதாவது பொடி ஜல்லியை, ஒரு படலமாகப் பரப்பினால் அது நிற்கும். களை வராது என்று கீழே பிளாஸ்டிக் ஷீட் விரிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், தண்ணீர் இறங்கத்தானே இவ்வளவு பாடு!

மணல் பரப்ப, ஒரு இஞ்ச் குழாய் இரண்டை ஜல்லி மேல் வாட்டத்தோடு படுக்கவைத்து, நடுவில் எம்.சாண்டை, அதாவது கல்லை உடைத்துச் செய்த மணலை, கொட்டி, குழாய்கள் மேல் நேரான பலகையை இழுத்தோம். குழாயை எடுத்துவிட்டுப் பள்ளத்தை நிரப்பினால் மணல் ஒரே சீராக நிற்கும். அதில் கால் படக் கூடாது. வைத்து முடித்த கல் மேல் நின்றபடியே அடுத்த கல்லை வைத்துப் போக வேண்டும்.

கல் வைத்த நாட்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரு கல்லின் முனை அடுத்த கல்லின் பக்கத்தில் முட்டும்படி வைக்கிற மீன்முள் வரிசையைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு கல் இன்னொன்றைக் குறுக்கே தாங்கிக்கொள்வதால் எந்தப் பக்கமும் நகராது. மெட்ராஸ் டெரஸ் என்று பழைய வீடுகளின் கூரையைப் பார்த்திருப்பீர்கள். தேக்கு உத்தரங்களுக்கு மேல், சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் மூலைவாக்கில், விளிம்பில் நிறுத்தி அடுக்குவார்கள். கல்லை எந்தப் பக்கமாகத் திருப்பி வைக்கிறோம் என்பதிலேயே பலம் இருக்கிறது என்பது இந்த ஊர்க் கொத்தனார்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். வரிசையைச் சுவருக்கு நேராக வைத்தால் ஓரங்களில் அரைக்கல் போதும். 45 டிகிரியில் வைத்தால் ஓரமெல்லாம் கோணம் கோணமாக வெட்ட வேண்டும். நாங்கள் நேராகவே வைத்தோம். எழுத்து பதித்த குழிப் பக்கம் கீழே. சூளையில் கற்கள் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. அதனால் முன்கூட்டியே கற்களை அளவு வாரியாகப் பிரித்து அடுக்கி, மூன்று நான்கு வரிசைக்கு ஒருமுறை நூலோடு சரிபார்த்தோம். ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் வைத்து, கொஞ்சம் உயர்ந்தால் எடுத்து மணலைச் சுரண்டி, திரும்ப வைத்து… அந்த வேலை மனசை அப்படிப் பிடித்துக்கொள்கிறது. அரைக்கல் வெட்டியது மாமா. ஆங்கிள் கிரைண்டர், கண்ணாடி, முகமூடி, கூடவே கல்லை நனைத்துக்கொள்வது. செங்கல் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

சுவர் இல்லாத மூன்று பக்கமும் கற்களை நிறுத்திவைத்து ஓரம் கட்டினோம். சிமெண்ட் கலவை அந்த ஓரத்தின் வெளிப்பக்கம் மட்டும்தான். ஓரம் பிடிப்பு இல்லாவிட்டால் கற்கள் மெல்ல விலகிப் போகும். இடுக்குகளில் சலித்த காய்ந்த மணலைத் துடைப்பத்தால் தள்ளி நிரப்பினோம். ஒரு மழைக்குப் பிறகு மணல் இறங்கும், திரும்ப நிரப்ப வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வந்ததும் நான் பார்த்தது, மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் தரையில் தண்ணீரே நிற்கவில்லை. கொட்டித் தீர்த்த நாட்களிலும் மிச்சம் குழிப் பக்கமாக ஓடியதே தவிர, பக்கத்து வீட்டுச் சந்துக்குப் போகவில்லை. கோடையில் சாயங்காலம் இரண்டு வாளி தண்ணீர் தெளித்தால் செங்கல் குடித்துக்கொண்டு, அது ஆவியாகும்வரை குளிர்ச்சி தருகிறது. அத்தை அங்கேதான் வடாம் காயவைக்கிறார்.

பராமரிப்பு உண்டு. கார்த்திகையில் தென்னை நிழல் விழும் மூலையில் பாசி பிடித்து வழுக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். இடுக்கில் அருகம்புல் முளைக்கும், வேரோடு பிடுங்கிவிட்டு மணல் போடுவேன். மீந்த கற்களை மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருக்கிறேன், உடைந்த இடத்துக்கு அதே சூளைக் கல் கிடைப்பது கஷ்டம். பக்கவாட்டுச் சந்தில் பழைய சிமெண்ட் தரை இருக்கிறது. வருகிற மாசியில் அதை உடைக்கலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார், அதற்குக் கல் தனியாக வாங்க வேண்டும்.