கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரிவது

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டில், நான் நன்றாகவே பாடம் நடத்துகிறேன் என்று நம்பியிருந்தேன். இரவு வெகுநேரம் குறிப்பெடுத்து, மறுநாள் கரும்பலகையை மூன்று முறை நிரப்பி அழித்து, மணி அடிக்கும்போது "சந்தேகம் ஏதும் உண்டா?" என்று கேட்பேன்; ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்துக்குப் புரிந்துவிட்டது என்று பொருளில்லை என்பது பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியபோதுதான் உறைத்தது.

எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருநாள் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் பேசியதில் ஒரு வரியைக்கூட அவர் குறிக்கவில்லை. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எத்தனை நொடி பொறுத்தேன், விடை சொன்னது யார் என்பவற்றை மட்டும் எழுதியிருந்தார். 14 கேள்விகளில் 11க்கு நானே விடை சொல்லியிருந்தேன். மற்ற மூன்றும் முன்வரிசை மாணவர் இருவரிடமிருந்து வந்தவை. அமெரிக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே விடைகள் நீளமாகவும் சிந்தனையோடும் வருகின்றன என்றும் 1970களிலேயே காட்டியிருப்பதை அன்று அவர்தான் எனக்குச் சொன்னார். மூன்று நொடி பேசாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பது நின்று பார்த்தவருக்கே தெரியும்.

அதன் பிறகு, ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறையை வெப்பக் கடத்தல் பாடத்தில் முயன்றேன். ஒரே அறையில், நிழலில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்குக் கதவையும் தொட்டால் கல்தான் குளிர்கிறது. அப்படியானால் கல்லின் வெப்பநிலை குறைவா? முதலில் ஒவ்வொருவரும் தனியே யோசித்துக் கை தூக்க வேண்டும்; பிறகு மாற்று விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதாட வேண்டும்; அதற்குப் பின் மறுபடியும் கை தூக்க வேண்டும். முதல் முறை வகுப்பில் பெரும்பகுதி "குறைவு" என்றது. கல்லலிலிருந்தும் புதுவயலிலிருந்தும் பேருந்தில் வரும் மாணவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள் என்பதால், வாதத்தைத் தமிழிலேயே நடத்தவிட்டு, ஆங்கிலக் கலைச்சொல்லைக் கடைசியில் சேர்த்தேன். அதுவரை ஒரு சொல்லும் பேசியிராத மாணவி ஒருத்தி எழுந்து, "வெயில்ல கிடந்தா கல்லுதான் சார் மரத்தைவிடச் சுடும், அப்போ கல்லு சீக்கிரம் சூட்டைக் கொடுக்குது, சீக்கிரம் எடுக்குது, அவ்வளவுதானே?" என்றாள். இரண்டுக்கும் வெப்பநிலை ஒன்றுதான், வெப்பத்தைக் கடத்தும் வேகமே வேறு என்பதை நான் விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமன்று. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை, விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சுமார் 34 விழுக்காட்டினரும், மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் சுமார் 22 விழுக்காட்டினரும் தோல்வியுற்றதாகக் கூறுகிறது.

கல்லூரி ஆசிரியர்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அறிமுகப் பயிற்சியும், ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் பாட அறிவைப் புதுப்பித்துக்கொள்ளும் புத்தொளிப் பயிற்சியும் பதவி உயர்வுக்குத் தேவை. அங்கே நல்ல கருத்துகளும் கிடைக்கின்றன. ஆனால் பயிற்சி முடித்துத் திரும்பியவரின் வகுப்பில் ஒருவர் போய் உட்காராவிட்டால் அந்தக் கருத்துகள் சான்றிதழோடு கோப்பில் தங்கிவிடுகின்றன என்பதே நான் கண்டது. அப்படி உட்காருபவர் பதவி உயர்வுக்கு மதிப்பெண் போடுபவராக இருக்கக் கூடாது. இருந்தால் அன்று நடப்பது பாடமாக இராது, அரங்கேற்றமாகிவிடும். எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வகுப்பு நடத்துபவரே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். குறிப்பு மாணவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். அன்று மாலைக்குள் பேசிவிட வேண்டும். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். பார்த்தவர் தம் வகுப்பையும் திறந்து வைக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

நாளை காலை முதல் பாடவேளையில் வேதியியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் ஆசிரியரின் வகுப்புக்குப் போகிறேன். ஜன்னலோர வரிசை மாணவிகள் எந்த இடத்தில் எழுதுவதை நிறுத்துகிறார்கள் என்று மட்டும் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்.