பிளவுஸ் தைக்கும் கடைக்கு ஆள் சொல்லி ஆள் வர வைப்பது எப்படி?

தையல் கடைக்குப் போர்டு பெரிய விளம்பரம் இல்லை. மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பின்னால் நிற்கிறவர் முதுகுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "இது எங்க தைச்சீங்க?" என்று கேட்பாரே, அந்தக் கேள்விதான் விளம்பரம். பதில் என்ன வருகிறது என்பதைக் கவனியுங்கள். "வீட்டுக்குப் பக்கத்துல ஒருத்தங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்குக் கடைப் பெயர் நன்றாகவே தெரியும்.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நல்ல தையல்காரர் கிடைப்பது கஷ்டம். பெயரை வெளியே சொன்னால் கூட்டம் கூடும், அடுத்த முகூர்த்தத்துக்குத் தன் துணிக்கே இடம் இருக்காது. இந்தப் பயம் நியாயமானதுதான். தீபாவளி சமயத்தில் புதிதாக வந்தவர்கள் நின்று அவசரப்படுத்துவார்கள், பழையவர்கள் "பரவாயில்லக்கா, மெதுவா கொடுங்க" என்பார்கள். கடைசியில் பழையவரின் பைதான் அடியில் போய்ச் சேரும். நாலு பேரிடம் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு இது. அடுத்த முறை வாயைத் திறப்பாரா?

அதனால் கூப்பன், கார்டு எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இடம் ஒதுக்குவது. ஒரு மிஷினில் அவசரமில்லாமல் தைத்தால் நாளைக்கு நான்கு லைனிங் பிளவுஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மிஷின், ஆறு நாள்: 48. இதில் பிரித்துத் தைக்கிற வேலை, சேலை ஓரம் அடிக்கிற வேலைக்காக எட்டைக் கழித்துவிடுங்கள். மீதி 40-ல் 15 இடம் பழைய வாடிக்கையாளருக்கு மட்டும். வாரம் பாதி போகும்வரை அதில் புது ஆர்டர் ஏற்றக் கூடாது. அதன் பிறகும் காலியாக இருந்தால் கொடுக்கலாம். முக்கியம், இதை அவர்களிடம் சொல்ல வேண்டும். "டீச்சர், உங்க துணிக்கு எப்பவும் இடம் வெச்சிருப்பேன். ஃபங்ஷனுக்குப் பத்து நாள் முன்னாடி ஒரு போன் பண்ணுங்க, போதும்." இதைக் கேட்ட டீச்சர் ஸ்டாஃப் ரூமில் உங்கள் கடைப் பெயரைத் தயங்காமல் சொல்வார். செலவு உங்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. ஐம்பது ரூபாய் தள்ளுபடியைவிட இதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

அடுத்தது, சொன்னவரின் மரியாதை. நாத்தனாரை அனுப்பிவைத்து, அந்த பிளவுஸ் கைக்குழியில் பிடித்தது என்றால் பேச்சு உங்களுக்கு வராது, அனுப்பியவருக்குத்தான் வரும். ஆகவே ஆள் சொல்லி வந்தவரின் முதல் பிளவுஸில் கூடுதல் கவனம் வேண்டும். சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடத்தில்.

ஒன்று, அளவு பிளவுஸை அப்படியே நம்புவது. அது பழசாகித் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ பிரித்துத் தைத்திருப்பார்கள். "இதுல எங்க பிடிக்குது, எங்க லூஸா இருக்கு?" என்று கேட்டு எழுதிக்கொண்டு, மார்பு, இடுப்பு, தோள், கைக்குழிச் சுற்று, கைச்சுற்று, முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம் எல்லாவற்றையும் உடம்பிலும் ஒருமுறை எடுங்கள். இரண்டுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது லைனிங். காட்டன் லைனிங்கை ஊற வைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பில் சுருங்கும். மேலே இருப்பது சிந்தெட்டிக் துணியென்றால் அது சுருங்காது. உள்ளே லைனிங் இழுக்க, மேல்துணி தையலோரம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும், மார்பிலும் பிடிக்கும். கடையில் போட்டுப் பார்த்தபோது சரியாக இருந்த பிளவுஸ் இது, அதனால் துவைத்தவருக்குக் காரணம் புரியாது. "முதல்ல நல்லாதான் இருந்துச்சு, என்ன துணி போட்டாங்களோ" என்றுதான் ஊர் முழுக்கச் சொல்வார். ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு, நிழலில் காயவைத்து, அயர்ன் பண்ணி, பிறகு வெட்டுங்கள். அடர் நிற லைனிங் சாயம் விடுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றாவது பட்டு. பட்டில் ஊசி போன இடம் ஓட்டையாகத் தெரியும். இறுக்கித் தைத்துவிட்டுப் பிறகு தளர்த்தினால் பழைய தையல் கோடு வெளியே நிற்கும். சற்றுத் தளர்வாகத் தைத்து, ட்ரையல் பார்த்துப் பிடிப்பதுதான் பத்திரம். பக்கத் தையலில் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் உள்ளே விட்டே தீர வேண்டும். புதியவர் கல்யாணத்துக்கென்று ஐந்து துணி கொண்டுவந்தால் ஐந்தையும் ஒன்றாக வெட்டாதீர்கள். சாதாரணத் துணி ஒன்றை முதலில் தைத்துக் கொடுத்து, இரண்டு நாள் போட்டுப் பார்க்கச் சொல்லி, அதன் பிறகு பட்டில் கத்தரி வையுங்கள்.

இப்போது பரிசு விஷயம். லைனிங் பிளவுஸுக்குக் கூலி 400 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். தைப்பவருக்கு 150, லைனிங் துணி 70, நூல், கொக்கி, கேன்வாஸ் 15, வாடகை, கரண்ட் பங்கு 50. கையில் நிற்பது 115. "ஆள் கொண்டுவந்தால் 100 ரூபாய் தள்ளுபடி" என்று போர்டு வைத்தால் அந்த பிளவுஸைச் சும்மா தைத்த மாதிரிதான். புதியவருக்கும் சேர்த்துக் கொடுத்தால் அவர் பிளவுஸும் அப்படித்தான். இன்னொரு சிக்கலும் உண்டு: 300 ரூபாய்க்குத் தைத்தவர் அடுத்த முறை 400 கொடுக்கும்போது விலை ஏறிவிட்டதாக நினைப்பார்.

பணத்துக்குப் பதில் வேலையாகக் கொடுங்கள். சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுப்பதற்கு வெளியே நூறு ரூபாய் வாங்குகிறீர்கள் என்றால், உங்களுக்கு ஃபால்ஸ் துணியும் அரை மணி நேரமும்தான் செலவு. வாங்குகிறவர் மனதில் அது நூறு ரூபாய்ப் பொருள். சொன்னவருக்கு ஒரு சேலை, வந்தவருக்கு ஒரு சேலை என்று இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டால் தர்மசங்கடமும் இல்லை. ஒருவருக்கு மட்டும் ரகசியமாகக் கொடுத்தால், "நம்மள அனுப்பி கமிஷன் வாங்கிட்டா" என்ற பேச்சு எழும். சொந்தத்துக்குள் அந்தப் பேச்சு லேசில் அடங்காது. அதனால் என்ன கொடுக்கிறீர்களோ அதைக் கார்டிலேயே அச்சடித்துவிடுங்கள்.

ஒருவர் கொண்டுவந்தவர் இன்னொருவரைக் கொண்டுவந்தால் முதலாமவருக்கும் ஒரு பங்கு என்று கிளை பிரிக்கிற திட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் சுழற்றும் திட்டங்களைத் தடுக்க 1978-லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. உங்கள் சேலை ஃபால்ஸ் அதில் மாட்டாது என்றாலும், அந்த வாடை அடித்தாலே நல்ல வாடிக்கையாளர் விலகிவிடுவார்.

கார்டுக்கு வருவோம். பிளவுஸ் கவரில் இரண்டு கார்டு போடுங்கள். ஒன்றில் அவருடைய அளவுகள், அது அவர் பீரோவில் வைத்துக்கொள்ள. இன்னொன்று பிறருக்குக் கொடுக்க. அதில் அளவு எதுவும் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே கார்டில் அச்சடித்துச் செலவை மிச்சம் பிடிக்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: தன் இடுப்பளவு எழுதிய கார்டை எந்தப் பெண்ணும் இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டாள்.

கொடுக்கிற கார்டின் மூலையில் அவருடைய பில் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள், உதாரணத்துக்கு 318. அந்தக் கார்டோடு யார் வந்தாலும் பில் புக்கில் 318-ஐத் திறந்து ஒரு கோடு போட்டால் போதும். இதற்கு ஆப் எதுவும் தேவையில்லை. பரிசு விவரத்தோடு கார்டில் இருக்க வேண்டியது கடைப் பெயர், போன் நம்பர், அடையாளத்தோடு முகவரி ("பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து, மாவு மில் மாடி" மாதிரி), விடுமுறை நாள், சாதாரணமாக எத்தனை நாளில் கிடைக்கும். கடைசியாகச் சொன்னது முக்கியம். ஏழு நாள் ஆகும் என்று முன்பே தெரிந்து வருகிறவர் நாளைக்கே வேண்டும் என்று நிற்க மாட்டார்.

எப்போது கேட்பது? பில் போடும்போது கேட்காதீர்கள், அப்போது அவர் மனது பணத்தில் இருக்கும். ட்ரையல் போட்டுக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்து "சூப்பரா இருக்குக்கா" என்கிற நேரம் ஒன்று. இன்னொன்று விசேஷம் முடிந்து இரண்டு நாள் கழித்து. ஆர்டர் எடுக்கும்போதே விசேஷத் தேதியைக் குறித்து வைத்திருந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "அக்கா, ஃபங்ஷன் நல்லபடியா முடிஞ்சுதா? பிளவுஸ் எங்கயாவது பிடிச்சுதா?" இதில் கேள்வி குறையைப் பற்றித்தான் இருக்க வேண்டும். குறை இருந்தால் ஊருக்குப் போவதற்கு முன் உங்களிடம் வந்துவிடும். "எல்லாரும் கேட்டாங்க" என்று பதில் வந்தால் அடுத்த செய்தி இப்படி இருக்கலாம்:

"சந்தோஷம்க்கா. கேட்டவங்களுக்கு இதை அனுப்புங்க: லைனிங் பிளவுஸ் 400-லிருந்து, 7 நாள். பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து, மாவு மில் மாடி. ஞாயிறு லீவு. உங்க பேரைச் சொன்னா ரெண்டு பேருக்கும் ஒரு சேலைக்கு ஃபால்ஸ் ஃப்ரீ."

அப்படியே ஃபார்வர்ட் பண்ணுகிற அளவில் இருந்தால்தான் அனுப்புவார்கள். ரோஜாப்பூ, குத்துவிளக்கு எல்லாம் வைத்துப் பதினான்கு வரிப் போஸ்டர் போட்டால் போனில் எழுத்தே தெரியாது. கூடவே அவர் பிளவுஸின் பின்கழுத்துப் படம் ஒன்று அனுப்பலாம். ஆள் தெரியாமல், துணியை மட்டும் மேஜையில் விரித்து எடுத்த படம். உடுத்தியிருக்கும் படத்தை ஸ்டேட்டஸில் போட வேண்டுமானால் கேட்டுவிட்டுப் போடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணின் முகூர்த்த பிளவுஸைப் போடவே கூடாது.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். "அனுப்பினேன், யாருமே பதில் போடலை" என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ட்ரையலுக்கு வந்தவரிடம் அங்கேயே சேவ் பண்ணச் சொல்லிவிடுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, மிஷின் ஓய்ந்திருக்கும். கார்டு கொடுக்க, செய்தி அனுப்ப அதுதான் நேரம். ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி வந்து சேரும். மார்கழியில் செய்தால் தை மாதத்துக்கு. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். ஆள் சொல்லி வந்த பத்துப் பேருக்கு நாள் தவறிக் கொடுப்பதைவிட "இனி தீபாவளி கழிச்சுதான்க்கா, அப்போ முதல்ல உங்களுக்கு" என்று திருப்பி அனுப்புவது மேல்.

கூகுள் ரிவ்யூ வேறு கணக்கு. அங்கே ஃபால்ஸ் ஃப்ரீ என்று சொல்லி நட்சத்திரம் வாங்கக் கூடாது. பரிசுக்கு ரிவ்யூ என்பது கூகுள் விதிப்படி தவறு. திருப்தியானவரிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் அதே விதியில் வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் ஆன்லைன் ரிவ்யூவுக்கென்று 2022-ல் ஒரு தரநிலை கொண்டுவந்திருக்கிறது. கூகுளில் உங்கள் கடைக்கான பிசினஸ் புரொஃபைலில் ரிவ்யூ கேட்பதற்கான லிங்க்கும் க்யூஆரும் கிடைக்கும். அதை பிரிண்ட் எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், யார் வேண்டுமானாலும் எழுதட்டும். சித்தி, மாமா, தம்பி எல்லாரும் ஒரே நாளில் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தால் படிக்கிறவருக்குத் தெரியாதா என்ன?

"யார் சொல்லி வந்தீங்க?" என்று அளவு எடுக்கும்போது கேட்டு பில் புக்கில் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் நாலைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். தினமும் சேலை கட்டிக்கொண்டு பத்துப் பேர் நடுவில் இருக்கிறவர்கள் அவர்கள்: டீச்சர், பேங்க் ஊழியர், மகளிர் குழுத் தலைவி, பார்லர் வைத்திருப்பவர். பிறருக்குக் கொடுக்கிற கார்டு இவர்களுக்கு ஒன்றுக்குப் பதில் பத்துக் கொடுக்கலாம். ஆள் அனுப்பத் துணிக்கடைக்காரர்கள் கமிஷன் கேட்பார்கள். அதைக் கூலியில் ஏற்றினால் நேராக வந்தவருக்கும் அவர்கள் அனுப்பியவருக்கும் விலை வேறாகி மாட்டிக்கொள்வீர்கள். நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

அனுப்பியவருக்கு அன்றே சொல்லிவிடுங்கள்: "உங்க நாத்தனார் வந்தாங்கக்கா, திங்கட்கிழமை ட்ரையல்." அதற்கு மேல் எத்தனை துணி, என்ன வேலை, எவ்வளவு பில் என்று ஒரு வார்த்தையும் வேண்டாம். அந்த பிளவுஸில் ஏதாவது பிசகிவிட்டால், வந்தவரிடம் பேசிய கையோடு அனுப்பியவரிடமும் நீங்களே சொல்லுங்கள்: "கை கொஞ்சம் பிடிச்சிருச்சுக்கா, நாளைக்குச் சரி பண்ணிக் கொடுத்துடறேன்." நாத்தனார் வாயால் அவர் அதைக் கேட்கும்முன் உங்கள் போன் போயிருக்க வேண்டும். பிரித்துத் தைத்ததற்குக் கூலி வாங்காதீர்கள். அந்த ஃபால்ஸ் சேலையையும் இருவருக்கும் குறையாமல் கொடுத்துவிடுங்கள்.