விக்டோரியா சிகரத்தைச் சுற்றி ஓர் ஓட்டம்

ஹாங்காங்கில் ஓடுவதற்கு ஒரே ஒரு பாதையைச் சொல்லுமாறு கேட்டால், 552 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா சிகரத்தை ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் வளைத்துச் செல்லும் லுகார்ட், ஹார்லெக் சாலைகளையே சொல்வேன். இரண்டும் சேர்ந்து சுமார் மூன்றரை கிலோமீட்டர் வட்டமாகின்றன. மலைப்பாதையாயினும் பெரும்பகுதி சமதளம் என்பதால் மூச்சு வாங்காது.

லுகார்ட் சாலை வழியாகத் தொடங்குவதே நல்லது. 1907 முதல் 1912 வரை ஆளுநராக இருந்த பிரெடரிக் லுகார்டின் பெயரைத் தாங்கிய இச்சாலை, செங்குத்துச் சரிவில் சில இடங்களில் கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கிறது. ஆலமரத்தின் இனத்தைச் சேர்ந்த இந்திய ரப்பர் மரம் ஒன்று, விரல் பருமனிலும் தொடை பருமனிலும் விழுதுகளை இறக்கி, சரிவின் ஓரத்தைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அதைத் தாண்டியதும் துறைமுகமும் அதன் எதிர்க்கரையிலுள்ள கவுலூன் பகுதியும் வானளாவிய கட்டடங்களின் உச்சிகளும் காலுக்குக் கீழே விரிகின்றன. அங்கே வேகம் தானாகவே குறைந்துவிடும், நேரக் கணக்குப் பார்ப்பவர்கள் கடிகாரத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

மேற்கு முனையில் திரும்பி ஹார்லெக் சாலைக்கு வந்தால் நகரம் மறைந்து, கடலும் லம்மா தீவும் தெரிகின்றன. நெரிசலும் இப்பக்கம் குறைவு.

மார்ச், ஏப்ரலில் மூடுபனி காட்சியை முழுவதுமாக விழுங்கிவிடும். கோடையில் காற்றின் ஈரப்பதம் வாட்டும். வார நாள் அதிகாலையில், சிகரத்துக்கு ஏறும் டிராமை நம்பாமல் 15ஆம் எண் பேருந்தில் ஏறி வருவது ஓடுபவர்களுக்கு வசதி.