பச்சை குத்திய கையும் வார்டு விதிகளும்

நர்ஸின் முன்கையில் பச்சை தெரிந்தால் இன்சார்ஜ் சிஸ்டர் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "இன்ஃபெக்‌ஷன் வரும், முழுக்கை போட்டு மறைச்சுக்கோம்மா." அக்கறையில் சொல்வதுதான், காரணம்தான் தப்பு. ஆறிய பச்சையில் மை மேல்தோலுக்கு அடியில் அடங்கிக் கிடக்கிறது. மேல்தோல் மற்ற இடங்களைப் போலவே மூடியிருக்கும், சோப்பும் ஹேண்ட் ரப்பும் அங்கே வழக்கம்போலவே வேலை செய்யும். மறைக்கப் போட்ட முழுக்கைதான் கட்டு மாற்றும்போது நனைந்து, ஒரு படுக்கையின் கிருமியை அடுத்த படுக்கைக்குக் கொண்டுபோகும். இங்கிலாந்தில் 2007-ல் மருத்துவமனை ஊழியர்களுக்கு முழங்கைக்குக் கீழே கை வெறுமையாக இருக்க வேண்டும் என்று விதி வந்ததும் இந்தக் கணக்கில்தான்.

புதுப் பச்சை வேறு. அது புண். ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் சில நாள் நீர் கசியும், பிறகு பொருக்கு உதிரும். ஒரு ஷிஃப்டில் பலமுறை ஹேண்ட் ரப் போடும் கையில் ஆல்கஹால் எரியும், தோல் உரியும், மையும் திட்டுத்திட்டாகப் போய்விடும். முன்கை என்றால் நீர் புகாத டிரெஸ்ஸிங் ஒட்டிச் சமாளிக்கலாம். விரல் மூட்டில் அது ஒரு மணி நேரம்கூட நிற்காது. அந்த இடத்தில் குத்திக்கொள்வதை நீண்ட விடுப்புக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

நகை போடக் குத்தும் துளைகளில்தான் நிஜமான சிக்கல். காதுமடலின் அடிச்சதை ஆற 6 முதல் 8 வாரம். மேலே குருத்தெலும்பில் குத்தினால் பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை அரிக்கும், கை தானாகப் போகும், கிளவுஸ் போட்ட கையும் போகும். வளையமாக இருந்தால், நினைவு தப்பித் தடுமாறும் நோயாளி பிடித்து இழுக்க அது கைப்பிடி, மடல் கிழியும். தட்டையான ஸ்டட் போதும், ஆனால் திருகு தளர்ந்திருக்கிறதா என்று டியூட்டிக்கு முன் பார்க்க வேண்டும். திறந்த காயத்துக்கு மேல் குனியும்போது கழன்று விழுந்தால் கதை கந்தல்.

என்-95 மாஸ்க்கில் கவனிக்க வேண்டியது விளிம்பு படியும் கோடு. மூக்கின் பக்கவாட்டில் குத்திய சின்ன மூக்குத்தி பொதுவாக மாஸ்க்குக்குள் அடங்கிவிடும். மூக்குத்தண்டின் மேல் குத்தியது உலோகப் பட்டையின் அடியிலேயே வரும், காற்று கசியும். மாஸ்க் முகத்தில் கசிவில்லாமல் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்டை வேலைக்கு வரும் அதே நகையோடு செய்ய வேண்டும், கழற்றி வைத்துவிட்டுச் செய்தால் பயனில்லை.

தோற்றம் பற்றிய விதி வேண்டாம் என்பதல்ல. வசைச்சொல், அரைகுறை ஆடை உருவம் போன்றவை நோயாளியின் கண்முன் இருக்கக் கூடாது என்பது நியாயம். அதைத் தோற்ற விதி என்றே எழுதட்டும், கிருமியின் மேல் பழி போட வேண்டியதில்லை. பச்சையை அதட்டுகிற அதே வார்டில், கல் பதித்த மோதிரத்தோடு கை கழுவுபவரை யாரும் கேட்பதில்லை. மோதிரத்துக்கு அடியில் கழுவிய பிறகும் கிருமி தங்கும். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு நாடாவைக் கடைசியாகத் துவைத்தது எப்போது என்றும் கேட்பதில்லை.